சம்பளத்தில் அத்தைக்கு ஒரு பங்கு

என் கணவர் என் நகையைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. கேட்பார் என்று முன்பே தெரியும். பல நாட்களாகவே காலையில் எழுந்ததும் தோட்டத்துக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, யாரோடும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துகொண்டிருந்தார். அப்படி ஒரு மனிதர் வாய் திறந்தால் என்ன கேட்பார் என்று எந்தப் பெண்டாட்டிக்கும் தெரியும்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. திருமங்கலத்துக்கு மேற்கே, பஸ் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். நான் பிறந்து வளர்ந்தது மதுரை சிம்மக்கல்லில். அங்கே ஒரு மொத்தப் பாத்திரக் கடையில் சரக்குக் கட்டி வெளியூருக்கு அனுப்பும் வேலை என் அப்பாவுக்கு. என்னைப் பதினோராம் வகுப்பு வரை படிக்கவைத்தார். நிலம் இருக்கிற வீடு, சோற்றுக்குக் குறைவு இருக்காது என்று இந்த ஊரில் கட்டிக்கொடுத்தார். அவர் சொன்னது பொய்யில்லை. முதல் சில வருஷங்கள் அறுப்பு முடிந்தால் வீட்டுக்குள் நடக்க இடமிருக்காது, நெல் மூட்டை அப்படி அடுக்கியிருக்கும். அதன்பிறகுதான் வானம் எங்களை மறந்துபோனது. ஒரு வருஷம் தவறினால் சமாளிக்கலாம். அடுத்தடுத்துத் தவறியபோது, மூட்டை இருந்த இடத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

வீட்டில் இருந்தது ஐந்து பேர். நான், என் கணவர், அவருடைய அம்மா, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த மகள், அப்போதுதான் ஓடப் பழகியிருந்த மகன். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அவருடைய அண்ணன், எனக்குப் பெரிய மாமா முறை, பக்கத்துத் தெருவில் இருந்தார். எங்கள் வீட்டில் எதை விதைப்பது, எந்த மாட்டை விற்பது, யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்வது, எல்லாம் அவரும் என் கணவரும் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். உள்ளே இருக்கிற எனக்கும் அத்தைக்கும் முடிவு மட்டும் வந்து சேரும்.

இந்த முடிவும் அப்படித்தான் வந்தது.

"கழுத்துல கெடக்குறதையும் வளையலையும் கழட்டிக் குடு. கெணத்த இன்னும் ஆழப்படுத்தணும். பெரியப்பா சொல்லிட்டாரு" என்றார் என் கணவர்.

"தாரேன். வெட்டியும் தண்ணி வரலேன்னா?"

"வரும்."

"பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வரலியே. பாறைதான வந்துச்சு?"

பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் பாறை வெடித்த சத்தம் ஊருக்கே கேட்டிருந்தது. அதன்பிறகு அந்த வீட்டில் விற்றது என்னென்ன என்பதும் ஊருக்கே தெரியும்.

அப்போதுதான் நான் சில நாட்களாக மனசுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். கடைசியாகச் சிம்மக்கல் போயிருந்தபோது அப்பா ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அவர் கடைக்குப் பித்தளைக் குடம் குறைந்து பிளாஸ்டிக் குடமாக வந்து இறங்குகிறதாம். கப்பலூரில் சின்னதாக ஒரு கம்பெனி அதைப் போடுகிறதாம். வேலைக்குப் பெண்கள் வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்தால் நல்லது என்று முதலாளியே அப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

"நான் போறேன்" என்றேன்.

"எங்க?"

"கப்பலூருக்கு. கொடம் போடுற கம்பெனிக்கு."

"நம்ம வீட்டுப் பொம்பள கம்பெனி வேலைக்கா?"

"காட்டு வேலைக்குப் போறப்பயும் நம்ம வீட்டுப் பொம்பளையாத்தான போறேன்?"

"அது நம்ம காடு."

"நம்ம காட்டுலதான் இப்ப வேலையே இல்லையே. நகைய வித்து வெட்டி, தண்ணியும் வராமப் போச்சுன்னா நகையும் போச்சு, காடும் போச்சு. நான் போயி, அது சரியா வரலேன்னா ஒண்ணும் போகாது. திரும்பி வந்துருவேன்."

கடைசியாகச் சொன்னதுதான் அவரை யோசிக்க வைத்தது என்று பிற்பாடு சொன்னார். அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் பெரிய மாமா வந்தார். கட்டிலில் உட்காரவில்லை. நின்றபடியே என் கணவரிடம் பேசினார், எனக்குக் கேட்கட்டும் என்று.

"அடுத்தவன்கிட்டக் கூலிக்கு நம்ம வீட்டுப் பொம்பளைய அனுப்பிட்டு நாளைக்கு நாலு பேரு மத்தியில எப்பிடிடா நிப்ப? பொம்பள சம்பாதிச்சு ஆம்பள திங்கிற வீடுன்னு பேரு வாங்கப் போறியா?"

அத்தை உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், எழுந்து நிலைப்படிக்கு வந்தார். பெரிய மாமா முன்னால் அத்தை வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, கையிலிருந்த கீரைக் காம்பைப் பார்த்துத்தான் பேசினார்.

"பெரியவுக சொல்றது சரிதேன். கஞ்சிக்கு என்ன செய்யங்கிறதையும் சொல்லிட்டுப் போனா நல்லாருக்கும்."

"எங்க வீட்டுல ரெண்டு மூட நெல்லு எடுத்துக்கங்க. வெளைஞ்சதும் குடுத்தாப் போச்சு."

"எப்ப வெளையும்?"

பெரிய மாமா பதிலுக்கு அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். அங்கே ஒரு மேகத்துண்டுகூட இல்லை. பெரிய மாமா "ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் தெருமுனை தாண்டும் வரை அத்தை நிலைப்படியில் நின்று பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஏத்தா, போறதுன்னா போ. சமைக்கிறதும் பிள்ளைகளப் பாக்குறதும் என் பாடு. ஆனா மாடும் தண்ணியும் என்னால ஆகாது. முட்டி ரெண்டும் ஒத்துழைக்க மாட்டேங்குது. அத ஒம் புருசன் பாக்கட்டும்."

"தண்ணியா? நானா?" என்றார் என் கணவர்.

"நீதேன். அடிகொழாய் ஒன்னையக் கடிச்சா வைக்கும்?"

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் வாசலில் பேசாமல் உள்ளே உட்கார்ந்து எடுத்த முதல் முடிவு அது. அதை நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். மூன்று பேரும் ஆளுக்கு ஒன்றை ஏற்றுக்கொண்டோம். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை. அதில் ஆண்கள் மிஷினில் குடம் போட்டுத் தள்ளுவார்கள். சூடாக வந்து விழுகிற குடத்தின் வாயிலும் அடியிலும் பிசிறு தொங்கும். அதைக் கத்தியால் சுற்றி அறுத்து, தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, கழுத்தில் கயிறு கோத்துக் கட்டி அடுக்குவது பெண்கள் வேலை. ஆரம்பத்தில் விரல் நுனியெல்லாம் சுட்டுப் போயிற்று. களை வெட்டிக் காய்ந்த கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தச் சூட்டுக்கு அது பத்தவில்லை. போகப் போகக் கத்தி பிடிபட்டது. ஒரே இழுப்பில் பிசிறு முழுவளையமாகக் கழன்று வரும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அது வேலை தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும்.

நான் இங்கே கத்தியோடு போராடிக்கொண்டிருந்தபோது, ஊரில் என் கணவர் குடத்தோடு போராடிக்கொண்டிருந்தார். ஊர்க் கோடியில் இருந்த அடிகுழாய்க்குப் போவது பெண்கள்தான். ஆண் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். அவர் ஆள் அடங்கிய பிறகு போகலாம் என்று பொழுது சாயும் வரை காத்திருந்து போயிருக்கிறார். அந்த நேரத்தில்தான் கூட்டமே. பெண்கள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விலகி நின்று, "அண்ணே, நீங்க மொதல்ல பிடிச்சிட்டுப் போங்க" என்று வழி விட்டிருக்கிறார்கள். அந்த மரியாதைதான் அவருக்குத் தாங்க முடியவில்லையாம். பித்தளைக் குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்து, வழியெல்லாம் சிந்தி, சட்டை நனைந்து வந்து சேர்ந்தார். வீட்டுக்கு வந்தது பாதிக் குடம்.

கம்பெனியில் நிறம் திட்டுத் திட்டாக விழுந்த குடங்களை வேலை செய்பவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பார்கள். அப்படி இரண்டு குடம் வாங்கி வந்தேன். என் கணவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இம்புட்டுத்தான் கனமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து சைக்கிளைச் சாய்த்துப் போட்டு என்னவோ செய்துகொண்டிருந்தார். பின் கேரியரில் குறுக்கே ஒரு கம்பு வைத்து இறுக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் கயிற்றில் குடத்தைத் தொங்கவிட்டிருந்தார். மறுநாள் காலையில், நல்ல வெளிச்சத்தில், மணி அடித்துக்கொண்டு குழாய்க்குப் போனார்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த அவருடைய சேக்காளி ஒருவர் சத்தமாகக் கேட்டாராம்:

"என்ன மாப்ள, தண்ணி எடுக்க ஒனக்குச் சம்பளம் எம்புட்டு?"

இவர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிச் சொன்னாராம்:

"ஒன் வீட்டுக்கும் சேத்து எடுத்தாரேன்டா. ஒன் பொண்டாட்டியக் கம்பெனிக்கு அனுப்பு. அவ சம்பளத்துல குடு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த முறை அவரைப் பார்த்து இல்லை. இதை எனக்குப் பக்கத்து வீட்டுப் பெண்தான் வந்து சொன்னாள். அவர் என்னிடம் சொல்லவே இல்லை. நான் கேட்டபோதும், "அவன் கெடக்கான்" என்று மட்டும் சொன்னார். அடுத்த கோடைக்குள் எங்கள் ஊரில் கம்பு கட்டாத சைக்கிளே இல்லை என்று ஆகிவிட்டது. அதில் என் கம்பெனிக் குடம்தான் தொங்கும். தண்ணீர் எடுப்பது எப்போது ஆண்கள் வேலையாக மாறியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது.

முதல் சம்பளம் வாங்கி வந்த நாள் ஒரு சனிக்கிழமை. கவரை அப்படியே கொண்டுவந்து சாமி படத்தின் முன்னால் வைத்தேன். என் கணவர் எடுத்து அவர் அம்மா கையில் கொடுத்தார். எங்கள் வீட்டு வழக்கம் அது. பணம் அத்தையிடம் இருக்கும், அதை எதற்குச் செலவழிப்பது என்பதை ஆண்கள் சொல்வார்கள்.

அத்தை கவரைப் பிரிக்கவில்லை. மடியிலும் சொருகவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"இதுல எனக்கு எம்புட்டு?"

வெற்றிலை பாக்குச் செலவுக்குக் கேட்கிறார் என்று நினைத்தோம். "ஒனக்கு வேணுங்கிறத எடுத்துக்கம்மா. யாரு கேக்கப்போறா?" என்றார் என் கணவர்.

"வேணுங்கிறப்பக் கேட்டு வாங்குறது வேற. என் பங்கு வேற. நான் பங்கக் கேக்குறேன்."

"என்ன பங்கு?"

"நான் இங்க அடுப்படியில நிக்கப்போயித்தான இவ அங்க மிசின்கிட்ட நிக்கிறா? சின்னவன நான் பிடிச்சு வச்சுக்கிடப்போயித்தான இவளால பஸ் ஏற முடியுது? நான் ஒரு நா முடியலன்னு படுத்துக்கிட்டா இவ போயிருவாளா? சம்பளக் கவருல இவ பேரு மட்டும் இருக்கு. வேல ரெண்டு பேரு வேல."

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. பேரனைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலி கேட்கிற மாமியார் உண்டா? விரல் வெந்து சம்பாதித்தது நான். கொல்லைப்பக்கம் போய்ப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். சத்தம் தெருவரை கேட்டிருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தை காலையிலேயே குளித்து, திருமங்கலத்தில் இருந்த தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். சொல்லிவிட்டுத்தான் போனார்: "ஒனக்கு இன்னைக்கு லீவு. எனக்கும் லீவு." அன்று முழுவதும் வீடு என் கையில். அடுப்பு பற்றவைத்தால் மகன் வாசலுக்கு ஓடுவான். அவனைப் பிடித்து வந்தால் உலை பொங்கியிருக்கும். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது கோழி வந்து காயவைத்த வடகத்தில் ஏறும். கல்யாணமான நாள் முதல் பார்க்கிற வேலைகள்தான், ஆனால் எல்லாமே எங்கள் இருவர் கையில் இருந்தவை. தனியாகப் பார்த்ததே இல்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கம்பெனி வேலையை விட இடுப்பு அதிகமாக வலித்தது. என் கணவர் குழம்பை ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"அம்மா கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல போலயே."

"நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

அத்தை சாயந்திரம் வந்ததும், முந்தின நாள் பிரிக்காமல் வைத்திருந்த கவரைப் பிரித்து, என் கையாலேயே ஒரு பகுதியை எடுத்து நீட்டினேன். "உங்க பங்கு அத்தை."

வாங்கிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார்.

என் கணவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. அத்தை மட்டும் சிரிக்கவில்லை, கடைக்காரரிடம் பேரம் பேசுகிற முகத்தோடு நின்றார். பேசிப் பேசி நாலில் ஒரு பங்கு என்று முடிந்தது. மிச்சத்தில் வீட்டுச்செலவு போக இருப்பதை என்ன செய்வது என்று மூன்று பேரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும் என்பது நான் வைத்த நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கும் லீவு, அன்றைக்கு அடுப்படி எனக்கும் என் கணவருக்கும் என்பது அத்தை வைத்த நிபந்தனை. என் கணவர் நிபந்தனை ஒன்றும் வைக்கவில்லை. குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் புளி தூக்கலாக இருக்கும். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுவார்கள்.

ஊருக்குள் பேச்சு பரவாமல் இருக்குமா? சொந்த மருமகளிடம் கூலி வாங்குகிறவள் என்று பெரிய மாமா வீட்டில் பேசியது அத்தை காதுக்கு வந்தது. குழாயடியில் நாலு பேர் இருக்கும்போது அத்தை சத்தமாகவே சொன்னார்: "கூலி இல்ல, பங்கு. காடு கரையில அண்ணந்தம்பி பங்கு பிரிக்கிறப்ப யாரும் கூலின்னு சொல்றதில்லையே. அடுப்படியில மட்டும் ஏன் கூலி ஆகுது?" அதற்குமேல் யாரும் அவரிடம் வாய் கொடுக்கவில்லை.

இப்படி வண்டி ஒரு நிதானத்துக்கு வந்த பிறகுதான் மழை வந்தது. ஒரு ஐப்பசியில் தொடங்கி விடாமல் பெய்தது. கிணற்றில் படிக்கட்டு ஒவ்வொன்றாக மறைந்தது. என் கணவர் நனைந்துகொண்டே தோட்டத்தில் நின்றதை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது பார்த்தேன். குடையைக் கொடுத்தும் வாங்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். கூடவே ஒரு பயமும் இருந்தது.

பயந்தது நடந்தது. பெரிய மாமா வந்து வாசலில் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மழை பேஞ்சிருச்சுல்ல? இனி எதுக்குக் கம்பெனி? முடிச்சிக்கச் சொல்லு. நடவுக்கு வீட்டு ஆளு இல்லாம எப்பிடி?"

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து குழம்பைக் கிண்டிக்கொண்டே பேச்சை எடுத்தார். நேராகச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் இருக்கு. ஆளு வச்சா கட்டுபடி ஆகாது. நீ கம்பெனி வேலைய விட்டு நின்னா நல்லாருக்கும்."

"இதுக்கு முன்னால இத்தன வருசமா எப்பிடிக் கட்டுபடியாச்சு?"

"நீயும் அம்மாவும் காட்டுல எறங்குனீங்க, அதான்."

"எங்களுக்குக் கூலி இல்ல. அதனால கட்டுபடியாச்சு. அப்பிடித்தான?"

குத்திக்காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த நிமிஷத்தில்தான் எனக்கே அது புரிந்தது. கம்பெனியில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று என் வேலைக்கு ஒரு விலை சொன்ன பிறகுதான், காட்டில் நான் செய்த வேலைக்கு யாரும் விலை சொன்னதே இல்லை என்று தெரிந்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கோபமா, யோசனையா என்று தெரியவில்லை. "குழம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

மதியம் போய் வெயில் இறங்கித்தான் வந்தார். அத்தையும் தங்கை வீட்டிலிருந்து திரும்பியிருந்தார். என் கணவர் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"வரப்புல சுத்திச் சுத்திப் பாத்தேன். அம்புட்டுக் காட்டையும் நெல்லாப் போட்டாத்தான் ஆளு பத்தாது. கெணத்துக்குப் பக்கத்துப் பாதிய நெல்லுக்கு விடுவோம். மேட்டுப் பாதியில கம்பும் துவரையும் போடுவோம். அதுக்குத் தண்ணியும் கம்மி, வேலையும் கம்மி. நடவுக்கு ஆளு வச்சிக்கிறேன். நீ எப்பவும் போலப் போ."

"பெரியப்பாவுக்கு என்ன சொல்லுவ?" என்று அத்தை கேட்டார்.

"அவரு காட்டுல அவரு என்ன வேணும்னாலும் போடட்டும்."

நான் அப்போது அழுதேன் என்று என் மகள் சொல்வாள். அடுப்புப் புகை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நடவுக்குப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பெண்கள் வந்தார்கள். மற்ற தோட்டங்களில் அறுப்பு முடிந்து நெல்லாகத் தருகிறேன் என்பார்கள். எங்கள் வீட்டில் கையில் காசு இருந்ததால் வரப்பேறிய உடனே கூலி. அதனால் அடுத்த நடவுக்கும் கூப்பிடாமலே எங்கள் காட்டுக்குத்தான் முதலில் வந்தார்கள். அந்த அறுப்பில் வீட்டுக்கு வந்த நெல் முன்பு வந்ததைவிடக் குறைவு. பார்க்கிறவர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் துவரை இருந்தது, கம்பு இருந்தது, மாதம் பிறந்தால் சம்பளம் இருந்தது. அதற்கடுத்த வருஷம் மறுபடி மழை ஏய்த்தபோது, ஊரில் பல வீடுகளில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டினார்கள். எங்கள் தொழுவத்தில் இருந்தது இருந்தபடி நின்றது.

பெரிய மாமா கடைசி வரை நாங்கள் செய்தது சரி என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வருஷம் அவருடைய மருமகள் ஒரு நாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து பஸ்ஸுக்கு என் பக்கத்தில் நின்றாள். "மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அவருதான் போகச் சொன்னாரு. ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னும் சொன்னாரு" என்றாள். அவளுக்குப் பிசிறு அறுக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதற்குள் என்னைப் பெண்கள் பகுதிக்கு மேற்பார்வைக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் கூட்டமாகப் பெண்கள் வர ஆரம்பித்ததும், நாங்கள் ஏறுவதற்காக டிரைவர் பஸ்ஸை நிறுத்திக் காத்திருப்பார். ஒருத்தி ஓடி வருவது தெரிந்தால் ஹாரன் அடித்துக் கூப்பிடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் காட்டுக்குக் கரண்ட் வந்தது. இனி கமலை கட்டி மாட்டை முன்னும் பின்னும் ஓட்டி இறைக்க வேண்டியதில்லை, மோட்டார் வாங்கினால் போதும். கையில் இருந்ததைச் சேர்த்துப் பார்த்தும் பத்தவில்லை. என் கணவரின் கண் அத்தையின் டிரங்குப் பெட்டியின் மேல் போனது. மாதாமாதம் வாங்கிய பங்கில் அத்தை பாதிக்கு மேல் அதில்தான் போட்டு வைத்திருந்தார்.

"அம்மா, மோட்டாருக்குக் கொஞ்சம் கொறையுது."

"சரி."

"ஒன் பெட்டியில இருக்குறத எடுத்துக்கவா?"

"வேணாம்ப்பா."

"வீட்டுக்குத்தானம்மா?"

"வீட்டுக்கு நாலுல மூணு பங்கு வருதுல்ல? அது வீட்டோடது. இது என்னோடது. நான் பொறந்த வீட்டுலயும் என் கையில காசு இருந்ததில்ல, கட்டிக்கிட்டு வந்த வீட்டுலயும் இருந்ததில்ல. இப்பத்தான் இருக்கு. இத எடுத்துட்டா நான் மறுபடியும் ஒங்ககிட்டக் கேட்டு நிக்கணும்."

என் கணவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது எடுத்துச் சொல்வேன் என்று. நான் சொல்லவில்லை. பதினோராம் வகுப்பு படித்துச் சம்பளம் வாங்குகிற எனக்கே, இது என்னுடையது, தர மாட்டேன் என்று அவ்வளவு அமைதியாகச் சொல்ல வந்திருக்குமா என்று தெரியாது. அன்று அத்தையை நினைத்து எனக்கு ஏற்பட்ட பெருமை, நான் மேற்பார்வைக்காரி ஆன அன்று என்னை நினைத்துக்கூட ஏற்படவில்லை.

என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே வந்து, "மாட்டு வண்டிய வித்துரலாமா?" என்று கேட்டார். சும்மா நின்ற வண்டி. எல்லோரும் சரி என்றோம், மகள் உள்பட. அவள் அப்போது வளர்ந்து, எதற்கும் தன் கருத்தைச் சொல்லாமல் விடாத பெண்ணாக ஆகியிருந்தாள். வண்டி போயிற்று, மோட்டார் வந்தது. முதல் நாள் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தபோது அத்தைதான் முதலில் கால் நனைத்தார். தன் பணம் அதில் இல்லை என்ற கூச்சம் அவருக்குத் துளியும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அத்தை மதுரைக்குக் கிளம்பினார். தன் தங்கையையும் தெருவில் இருந்த இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டார். கம்பெனிக்கு லீவு என்பதால் நானும் சேர்ந்துகொண்டேன். திருமங்கலத்தில் பஸ் ஏறினோம். நிற்க இடமில்லாத கூட்டம். கண்டக்டர் நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்து, "யாரும்மா டிக்கெட்?" என்றார்.

அத்தை இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். தங்கையையும் மற்ற இருவரையும் ஒவ்வொருவராகக் கை காட்டினார்.

"இவுகளுக்கும் எனக்கும் நான் எடுக்கிறேன்."

அந்தப் பெண்கள் வேண்டாம் வேண்டாம் என்று மறித்தார்கள். அத்தை கேட்கவில்லை. காசை எண்ணிக் கொடுத்து, டிக்கெட்டை வாங்கி, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார். ஒரு வீட்டுக்குப் பெரிய மனுசி மற்றவர்களுக்குச் செய்கிற தோரணையில் செய்தார். கண்டக்டர் என்னைக் காட்டி, "இவுகளுக்கு?" என்று கேட்டார்.

அத்தை சுருக்குப் பையை இழுத்து மூடினார்.

"அவ சம்பாதிக்கிறவ. அவளே எடுத்துக்குவா."

நான் சிரித்துக்கொண்டே என் டிக்கெட்டை எடுத்தேன்.